பலகைச் சுவரும் ஒன்பது மில்லிமீட்டரும்

மகனுக்கு,

நாட்டின் சட்டம் ஒழுங்கு வரலாற்றில் இடம்பெற வேண்டிய ஒரு தீர்மானத்தை நீ ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அறிவித்தாய். பொலிஸ் அதிகாரிகள் இடுப்பில் அணியப்போகும் புதிய கைத்துப்பாக்கியைத் தெரிவுசெய்ய அமைத்த குழு, தன் முதல் அமர்வை முழுவதுமாக ஒதுக்கி, துப்பாக்கியின் தோலுறை கறுப்பாக இருக்கவேண்டும், கபில நிறம் கூடாது என்று ஏகமனதாக முடிவெடுத்தது. கபிலத்துக்காக வாதாடிய ஓர் உறுப்பினர் இருந்தார் என்றும், மழையில் கபிலத் தோல் வெளிறிவிடும் என்று சுட்டிக்காட்டியதும் அவர் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார் என்றும் சொன்னாய். நான் அதை உன் அம்மாவிடம் ஒரு சொல்லும் குறையாமல் ஒப்புவித்தேன். அவள் கொழுந்துப் பையை உதறிக்கொண்டே, "அப்ப துப்பாக்கி?" என்று கேட்டாள். துப்பாக்கியையும் அதற்குள் போடும் ரவையையும் இரண்டாம் அமர்வில், காலைத் தேநீருக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் முடித்துவிட்டார்கள் என்றேன். "பசி வந்தா எல்லாரும் சுறுசுறுப்புதான்" என்றாள்.

முடிவு இதுதான்: ஒன்பது மில்லிமீட்டர், செம்புக் கவசம் போட்ட ரவை. இப்போது இருப்பதே தொடரும், துப்பாக்கி மட்டும் புதிது. இனி ஒரு தலைமுறைக்கு இதை யாரும் மாற்றமாட்டார்கள் என்று நீயே சொன்னாய். கடைசியில் வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று தலைவர் கேட்டார். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றைக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவன் நீ ஒருவன்தான். நீ, "இல்லை சேர்" என்றாய். தொலைபேசியில் நான் ஒன்றும் பேசாமல் இருந்ததை லைன் போய்விட்டது என்று நினைத்து, நீ இரண்டு தடவை "ப்பா, ப்பா" என்று கூப்பிட்டாய். லைன் போகவில்லை. கத்தினால் பலகைக்கு அந்தப் பக்கம் செல்வராணிக்குக் கேட்கும் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். கோபமாக இருக்கிறேன், அதை மறைக்கும் உத்தேசமும் இல்லை.

நம் லயத்தில் பொலிஸ் சுட்ட பிறகு நீ விடுமுறையில் வந்தபோது இரத்தத்தைக் கழுவியாகிவிட்டது. நீ பார்த்தது ஓட்டைகளை மட்டுமே. அதனால் நடந்ததை முழுவதும் சொல்கிறேன். நம் வரிசையில் குமார் குடும்பம், அடுத்தது செல்வராணி, அதற்கடுத்தது நாம். நடுவில் கல்லும் மண்ணுமாக இருந்த சுவர்கள் ஒரு மழைக்காலத்தில் ஊறி விழுந்தபோது தோட்டம் பலகை அடித்துக் கொடுத்தது. தற்காலிகம் என்று அன்றைய தொரை சொன்னார். நீ பிறப்பதற்கு முந்தைய தற்காலிகம் அது. லிந்துலைக் குளிரில் வெளிச்சுவரை ஒட்டி யாரும் படுப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். எல்லாரும் நடுப்பலகையை ஒட்டித்தான் படுப்போம், ஏனென்றால் அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் முதுகு இருக்கும். முதுகுக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு பலகை. நீ காய்ச்சலில் கிடந்த நாட்களில் செல்வராணி அந்தப் பக்கம் தன் போர்வைகளையெல்லாம் பலகையோடு சேர்த்து அடுக்கிவைத்தாள், உனக்குச் சூடு தங்கட்டும் என்று. உங்கள் குழுவின் பார்வையில் அந்தப் பலகை ஒரு தடுப்பு. எங்களுக்கு அது பக்கத்து வீட்டு முதுகு.

பொலிஸ் வந்தது குமாரின் கசிப்புப் பானையைத் தேடி. குமார் அந்தக் கள்ளச்சாராயத்தைக் காய்ச்சினான். அதை நான் மறுக்கவில்லை, அவன் மனைவி தேவியும் மறுக்கவில்லை. மலைக்குத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தான். ஜீப்பைப் பார்த்ததும் காம்பராவுக்குள் ஓடினான். கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது உண்மை. கவ்வாத்து வெட்டிவிட்டு வருகிறவன் கையில் வேறென்ன இருக்கும், வீணையா? அவனுக்குப் பின்னால் ஓடிய கான்ஸ்டபிள், வேலைக்கு வந்து அதிக காலம் ஆகாத பையன், இருட்டான காம்பராவில் கத்தியின் மினுக்கத்தைக் கண்டு ஒரு தடவை சுட்டான். குமாருக்கு ஒரு கீறலும் இல்லை. ரவை முதற்பலகையைத் துளைத்து, ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்த செல்வராணியின் வலது மணிக்கட்டைத் துளைத்து, நம் பலகையில் வந்து நின்றது. அதன் மூக்கு நம் பக்கம் எட்டிப்பார்த்தது. சத்தத்தைத் தகரக் கூரையில் ஏதோ விழுந்ததாக நினைத்த உன் அம்மா, "என்னங்க இது, பலகையில ஆணி மொளைச்சிருக்கு" என்றாள். அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து செல்வராணியின் குரல் வந்தது, பதற்றமே இல்லாமல்: "அக்கா, கை போச்சு போல இருக்கு. அடுப்புல ரொட்டி கெடக்கு, கருகிரும், கொஞ்சம் எறக்கி வச்சிருங்க."

நீதிமன்றத்தில் இருபக்கத்துப் பேச்சையும் மொழிபெயர்த்தே ஓய்வுபெற்றவன் நான் என்பது ஜீப்பில் வந்த சார்ஜனுக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்து ஆளைப் போல, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கான பழைய பட்டத்தால் என்னை முதலியார் என்றுதான் கூப்பிடுவார். சுட்ட பையன் வாசல் சாக்கடைக் கானில் கால் வைத்து உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். தேவி அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். சார்ஜன் சிங்களத்தில் என்னிடம், இது அந்தப் பெண்ணை நோக்கிச் சுட்டதல்ல என்று அவளுக்குச் சொல்லுங்கள் என்றார். செல்வராணி கையைத் துவாயால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். நான் தமிழில் சொன்னேன். அவள், "தெரியும்ங்க. நோக்கிச் சுட்டிருந்தா பட்டிருக்காதே" என்றாள். அதை நான் சிங்களத்துக்கு மாற்றவில்லை. நீதிமன்றத்தில் இருந்த காலத்தையும் சேர்த்து, ஒரு வாக்கியத்தை நான் வேண்டுமென்றே விட்டது அப்போது மட்டும்தான்.

அதன்பிறகு நீ வந்தாய். சீருடையில் இல்லை, ஆனால் சீருடையின் நடையில் வந்தாய். பலகை ஓட்டைக்குள் சின்ன விரலை விட்டுப் பார்த்தாய். மரச் சிராம்பு எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்று பார்த்தாய். தலையை ஆட்டினாய். செல்வராணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள், நீ பேசுவது அவளுக்குக் கேட்கும் தூரம். நீ சொன்னாய்: "ப்பா, ரவையில பிழை இல்ல. அது செய்ய வேண்டியதத்தான் செஞ்சிருக்கு. சுவருதான் வீக்கு." உன் அம்மா அடுப்படியிலிருந்து, "அப்ப சுவர அரெஸ்ட் பண்ணிட்டுப் போ தம்பி" என்றாள். நீ சிரித்தாய். நானும் சிரித்திருப்பேன், செல்வராணி மட்டும் அந்த நேரத்தில் இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டிருக்காவிட்டால்.

ரவை செய்ய வேண்டியதைச் செய்தது என்றாயே, அது செய்ய வேண்டியது என்ன என்று யார் தீர்மானித்தார்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். நிபுணர் சாட்சியங்களை மொழிபெயர்த்ததில் பாதி தெரிந்துகொண்டேன், ஓய்வுபெற்ற பிறகு வாசித்ததில் மீதி. கலிபர் என்றால் குழாயின் உள்விட்டம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது எல்லாரும் ஆய்வுகூடத்தில் நிற்பதுபோல முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய கலிபர்தான் வேண்டும் என்றார்கள். காரணம், ஓடிவரும் சுதேசிகள் சின்ன ரவைக்கு மரியாதை கொடுத்து நிற்பதில்லை என்ற முறைப்பாடு. அந்த மரியாதைக் குறைவுக்காகவே, உடம்புக்குள் போனதும் விரிகிற ரவையைக் கல்கத்தாவுக்குப் பக்கத்து ஓர் ஆயுதச்சாலையில் செய்தார்கள். பிறகு அதே ஐரோப்பியர்கள் மாநாடு கூடி, தங்களுக்குள் நடக்கும் போரில் அந்த ரவையைப் பயன்படுத்துவது காட்டுமிராண்டித்தனம் என்று கண்டுபிடித்தார்கள். முதலாம் உலகப் போருக்குப் பின், பெரிய ரிவோல்வர் பயிற்சி குறைந்தவர்களின் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை என்று புள்ளி முப்பத்தெட்டுக்கு இறங்கினார்கள். நமக்கு அது வாரிசுரிமையாக வந்தது. அதன்பின் ஒன்பது மில்லிமீட்டர் வந்ததற்கு நீயே காரணம் சொன்னாய்: இராணுவம் வைத்திருக்கிறது, களஞ்சியத்தில் கிடக்கிறது. அமெரிக்காவில் ஒரு மோசமான துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு ஒன்பது போதாது என்று பெரிதுக்குத் தாவினார்கள். இருபது முப்பது வருடங்களில் மணிக்கட்டு வலிக்கிறது, குறி தவறுகிறது, பயிற்சிக்குச் செலவாகிறது என்று ஒன்பதுக்கே திரும்பிவந்தார்கள். ஆக, சுடுகிறவரின் மணிக்கட்டைப் பற்றி உலகம் நூறு வருடமாக மிகுந்த அக்கறையோடு யோசித்திருக்கிறது.

அந்த அமெரிக்கர்களுடைய சோதனையைப் பற்றியும் நீ பெருமையாகச் சொன்னாய். மனிதச் சதை போன்ற ஜெலிக் கட்டிக்குள் சுடுகிறார்கள், ரவை குறைந்தது பன்னிரண்டு அங்குலம், கூடினால் பதினெட்டு அங்குலம் போகவேண்டும். சரி. தடித்த உடுப்பு, கார்க் கண்ணாடி, ஒட்டுப்பலகை, அறைச் சுவர்த் தட்டு என்று முன்னால் வைத்தும் சுடுகிறார்கள். அறைச் சுவர் என்று கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், யாரோ நம்மை நினைத்திருக்கிறார்கள் என்று. பிறகு வாசித்தால், சுவரைத் துளைத்துப் போன பின்னும் ரவை அந்தப் பன்னிரண்டு அங்குலத்தை ஒழுங்காகப் போகிறதா என்றுதான் பார்க்கிறார்களாம். சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் குற்றவாளிதான் ஒளிந்திருக்கிறான். அங்கே ஒருத்தி மா பிசைந்துகொண்டிருக்கலாம் என்பதற்கு ஜெலி செய்ய எவருக்கும் தோன்றவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை. போரில் கொடூரம் என்று தடைசெய்த அந்த விரியும் ரவையைத்தான் பல நாட்டுப் பொலிஸ் இன்று வைத்திருக்கிறது, உடம்புக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிடும், பின்னால் இருப்பவருக்குப் போகாது என்ற காரணத்தால். ஆனால் குறி தவறினால் அதுவும் பலகையைத் துளைக்கும் என்று நீ சொன்னாய். சரியாகத்தான் சொன்னாய். எந்த ரவை நல்லது என்று தீர்ப்புச் சொல்ல நான் எழுதவில்லை. மலைநாட்டுப் பொலிஸ் நிலையங்களுக்கு எதைக் கொடுத்தாலும், அதை முதலில் லயத்துப் பலகையில் சுட்டுப் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள், அந்தப் பலகைக்குள் எப்போது சுடக்கூடாது என்று அந்த நடுங்கிய பையனுக்குக் கற்றுக்கொடுங்கள் என்கிறேன். கசிப்புப் பானையை அடக்க எந்தக் கலிபர் பொருத்தம் என்ற கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

நீ பொலிசில் சேர விண்ணப்பித்தபோது நம் சொந்தக்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். முறைப்பாடு செய்யப் போகிற நம் பெண்ணுக்கு நிலையத்தில் ஒரு தமிழ் முகமாவது இருக்கட்டும் என்று நான்தான் எல்லாருக்கும் பதில் சொன்னேன். இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் முகம் மட்டும் போதும் என்று நான் சொன்ன ஞாபகம் இல்லை. என் வேலையில் ஒரு விதி உண்டு: சாட்சி "நான்" என்றால் மொழிபெயர்ப்பாளனும் "நான்" என்றே சொல்லவேண்டும். அதனால் ஒரே காலையில் "நான் சுட்டேன்" என்றும் "என்னைச் சுட்டார்கள்" என்றும் ஒரே தொண்டையால் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் அவ்வளவு கஷ்டமான காரியத்தை நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி மூன்றாம் ஆளாக நின்று ஒரு வாக்கியம் சொல் என்கிறேன். உனக்கு அடுத்த மாதம் பதவி உயர்வு நேர்முகம் இருக்கிறது, குழுத் தலைவர்தான் அதிலும் தலைவர் என்பது தெரியும். லயத்தான் லயத்தைப் பற்றியே பேசுகிறான் என்று மேசைக்குக் கீழே சிரிப்பார்கள் என்பதும் தெரியும். சிரிக்கட்டும். தோலுறை நிறத்துக்கு ஓர் அமர்வு முழுவதும் காது கொடுத்தவர்கள், இதற்கும் கொஞ்சம் கொடுப்பார்கள்.

முடிவு எடுத்தாகிவிட்டதே என்று எழுதிவிடாதே. வருகிற வியாழக்கிழமை சுட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது என்றும், உறுப்பினர்கள் விரும்பிய பொருளை அதற்குக் கொண்டுவரலாம் என்றும், ஒருவர் லொறிக் கதவும் இன்னொருவர் சீமெந்துக் கல்லும் கொண்டுவருகிறார்கள் என்றும் நீதான் சொன்னாய். நீ என்ன கொண்டுபோகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, "நான் என்னத்தம்மா கொண்டுபோக?" என்றாய். அந்தக் கவலையை நாங்கள் தீர்த்துவிட்டோம்.

நேற்றுப் பின்னேரம் நான் செல்வராணியிடம் கேட்டேன், உனக்கும் குமார் வீட்டுக்கும் நடுவிலுள்ள பலகையைக் கழற்றி மகனுக்கு அனுப்பட்டுமா என்று. அவள் இடது கையால் ஓட்டையைத் தடவிப் பார்த்தாள். "தம்பி சுடப் போறாராங்க?" என்றாள். சோதனைக்குச் சுடுவார்கள் என்றேன். "ஒரு தடவ சுட்டுட்டாங்களே, அது பத்தாதாமா?" என்றாள். அது கணக்கில் வராதாம், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது சுட்டால்தான் கணக்கில் வரும் என்றேன். "அப்ப நானும் வந்து அந்தப் பக்கம் நிக்கட்டுங்களா, மாவோட?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு, சிரிப்பை நிறுத்தாமலே, "எடுத்துக்கிட்டுப் போங்க. தம்பி எங்க காம்பராவுல சாப்பிட்ட ரொட்டிக்கு வாயத் தொறக்கட்டும்" என்றாள். குமார் வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் இருப்பதால் அந்தப் பக்கத்துச் சம்மதத்தைத் தேவியிடம் கேட்டேன். "பலகைய எடுங்க, பானையத்தான் எடுத்துட்டாங்களே" என்றாள். தோட்டத்தில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து, தோட்டத்துச் சொத்தைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்றார். தற்காலிகச் சொத்துதான் ஐயா என்றேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்குத் தெரியாமல் நடந்தது என்று இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆணிகளைச் செல்வராணியின் புருஷன் பிடுங்கினான். பலகைகளை, அவை நின்ற வரிசையிலேயே, சாக்கில் சுற்றிக் கயிறு போட்டிருக்கிறோம். ஓட்டையுள்ள பலகை நடுவில் இருக்கிறது, சோதனைக்கு முன் அதை எல்லாரும் பார்க்கும்படி வை. லிந்துலைக் கடைவீதிக் காதர் நானா தன் மரக்கறி லொறியில் கோவா மூட்டைகளுக்கு மேலே ஏற்றியிருக்கிறார். கூலி கேட்கவில்லை, "மொதலியார், இது நம்ம வீட்டுச் சுவருக்கும் சேத்துத்தான், எங்க கடைக்குப் பின்னுக்கும் பலகைதான்" என்றார். இந்தக் கடிதத்தை இன்றைய பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்; லொறி செவ்வாய்க்கிழமை விடிய கொழும்பு மெனிங் சந்தைக்கு வரும். நீ போய் இறக்கிக்கொள். சீருடையில் போனால் மூட்டை தூக்கும் நாட்டாமைமார் பயப்படுவார்கள், சாதாரண உடுப்பில் போ. பலகையில் கைவைக்கும்போது கவனம், சிராம்பு ஏறும்.

நேர்முகத்தில் தோற்றால் வீட்டுக்கு வா, அம்மா கோழி அடிப்பாள். பலகையைச் சந்தையிலேயே விட்டுவிட்டு நேர்முகத்தில் வென்றாலும் வா. அப்போது செல்வராணியோடு நீயே பேசிக்கொள், நான் மொழிபெயர்க்க வரமாட்டேன்.

தோட்டத்தில் புதுப் பலகை கேட்டிருக்கிறோம், வர நாளாகும் என்கிறார்கள். அதுவரைக்கும் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் தேவி தன் சேலை ஒன்றைக் கட்டியிருக்கிறாள்.

அப்பா